விடுதியைக் காலி செய்த கிடாவெட்டு

விடுதியின் இரும்புக் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் நீங்கள் எல்லாரும் அதைப் படித்திருப்பீர்கள். போதிய மாணவியர் தங்காத காரணத்தால் இந்தப் படிப்பு வருஷம் முடிந்ததும் விடுதி மூடப்படும், இங்கே இருப்பவர்கள் மார்க் பார்த்து, இடம் இருந்தால், பொது விடுதியில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்று அதில் இருக்கிறது. நாலே வரி. பிள்ளைகள் ஏன் தங்கவில்லை என்று அதில் இல்லை. அது எனக்குத் தெரியும். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அதைத்தான் எழுதப் போகிறேன். விடுதிப் பிள்ளைகள் முப்பத்தோரு பேருக்கும், அஞ்சாவது படிக்கிற என் மகனுக்கும் சேர்த்து எழுதுகிறேன். முப்பத்தோரு பேரில் என் மகளும் ஒருத்தி, பதினொன்றாவது படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. எழுத்துப் பிழையை மகள் திருத்துவாள். மற்றதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குப் பக்கம். காலையில் ஆறரைக்கெல்லாம் கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்கும். நானும் என் வீட்டுக்காரியும் ஏறிப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். வீட்டில் இருக்கிற பிள்ளையும் சும்மா இருக்காது. சாக்கில் வெடியும் திரியும் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிற ஆள் உண்டு. சரம் பின்னிக் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்யக்கூடாத வேலை அது, செய்கிறவர்களுக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையை இறக்கி வைத்ததும் கை தன்னால் அந்தச் சாக்குக்குள் போய்விடும். யாரும் அடித்துச் செய்யச் சொல்வதில்லை. அம்மாக்காரி குனிந்து பின்னிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை எதிரே உட்கார்ந்து கணக்குப் போடும்?

அதனால்தான் விடுதி. அந்தச் சாக்கு ஏறி வர முடியாத இடம் அது ஒன்றுதான்.

அரசாங்கம் அதை நம்ம சனத்துப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்று கட்டியது. இப்போது எல்லாரும் கேட்கிறார்கள், இன்னும் எதுக்கு உங்களுக்குத் தனியா ஒரு விடுதி என்று. ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர் வேனில் நின்றுகொண்டு மைக்கில் பேசினார். சாதிக்கொரு விடுதி, சாதிக்கொரு சலுகை, அதெல்லாம் அந்தக் காலம், நாங்க வந்தா எல்லாம் பொது என்றார். தெருவில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பொது என்றால் கேட்க நல்லாத்தானே இருக்கிறது. தட்டி முடித்த பிறகுதான் எனக்கு அந்தப் பச்சைக் கப்பு ஞாபகம் வந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன் என்று சொன்னேனே, ஒன்பதாவதிலும் பத்தொன்பது நாள் படித்திருக்கிறேன். டவுனில் ஒரு பொது விடுதியில் என் அய்யா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். யார் பேரில் நடந்தது என்பது இப்போது வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. யாரும் என்னை ஒரு வார்த்தை வைததில்லை. குளிக்கிற தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்ற ஒரு பச்சை பிளாஸ்டிக் கப்பு கிடக்கும். இரண்டாவது வாரம் பார்த்தால் தொட்டிக்குள் ஒரு புதுச் சிவப்புக் கப்பு. பச்சைக் கப்பை ஒரு சணலில் கட்டிக் குழாய்ப் பக்கம் தொங்கவிட்டிருந்தார்கள். அது யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நான் அதை எடுத்துத்தான் குளித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் என்று கேட்காமல், அது என்னுடையதுதான் என்று நானே எடுத்தேன். பத்தொன்பதாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

உங்கள் விடுதியில் ஓட்டை விழுந்த கப்புகூட உங்கள் கப்புதான்.

அந்த மைக்கில் பேசினவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு விடுதியை ஒரே நாளில் மூடிவிடவில்லை. முதலில் நோட்டு வருவது நின்றது. அப்புறம் சாயங்காலம் கணக்கு சொல்லிக் கொடுக்க வந்த டீச்சர் வரவில்லை. மோட்டார் எரிந்து போனது, மாற்றக் காகிதம் எழுதிப் போட்டும் பதில் இல்லை. நீங்கள் அடிபம்பில் அடித்துத் தூக்கினீர்கள். மூடுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் ஒரு கிடாயை வெட்டிக் கொடுத்தேன்.

பட்டாசு வேலை செய்யாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். மறுபடியும் பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும், வருஷத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான் அப்பனும் ஆத்தாளும் பகலில் வீட்டில் இருப்பது. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாவற்றையும் அதற்குள் திணிப்போம். ஊரே லீவில் இருப்பதுபோல இருக்கும். நாட்டுக்கு அது லீவு இல்லை என்பது மறந்துபோகும். பள்ளிக்கூடம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், ஆபீஸ் அது பாட்டுக்குத் திறந்திருக்கும்.

கிடாவெட்டுக்கு முந்தின சீசனில் எங்கள் கம்பெனியில் பக்கத்து ரூம் வெடித்தது. நான் ஒன்றுக்குப் போக அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். காதில் ஒரு இரைச்சல் மட்டும் நின்றுவிட்டது, இப்போதும் கேட்கிறது. உள்ளே இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என் வீட்டுக்காரி குலசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டாள். அந்தக் கிடாயைத்தான் தீபாவளி கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை வெட்டினோம்.

புதன்கிழமையே விடுதிக்குப் போய் வார்டன் மேடத்திடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை கிடா வெட்டுறோம் மேடம். பிள்ளைகளை ஒருநாள் அனுப்பி வைங்க."

"யார் யாரை?"

"எல்லாரையுந்தான். பாதிப்பேரு எங்க பங்காளி வீட்டுப் பிள்ளைக. மத்தப் பிள்ளைகளை விட்டுட்டுப் போனா அதுக மொகத்துல எப்படி முழிக்க? நீங்களும் வரணும்."

"பள்ளிக்கூடம் இருக்கேண்ணே."

"ஒருநாள்தான மேடம். அதுக கறி தின்னு எம்புட்டு நாளாச்சு?"

மேடம் சிரித்துவிட்டு, "ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுத?" என்றார்.

"சாமி கும்பிடப் போயிருக்காகன்னு எழுதுங்க. பொய் இல்லையே."

அப்படியே எழுதினார். லோடு ஆட்டோ ரெண்டு பிடித்து நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து இறங்கினீர்கள். காய்ச்சல் என்று ரெண்டு பிள்ளைகள் மட்டும் சமையல்கார அக்காவோடு விடுதியில் தங்கி, சமையல்கட்டில் படுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு என் அண்ணன்தான் கறி பரிமாறினார். அவர் மகளும் உங்களில் ஒருத்தி, பன்னிரண்டாவது, நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்பாள். அவள் இலையில் எலும்பாகப் பார்த்துப் போட்டார்.

"ஏத்தா, ஆஸ்பத்திரியில வேலை பாக்கப் போறவ. எது எந்த எலும்புன்னு சொல்லிட்டுத் தின்னு."

"சித்தப்பா, இங்க பாருங்க. நெஞ்செலும்பைப் பூராம் அப்பா வாளிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காரு."

"ஏலே, ஒம் மகளைவிட எம் மகதான்லே வெவரம்" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. என் காதில் இருக்கிற இரைச்சல் அன்றைக்கு ஒருநாள்தான் எனக்குக் கேட்கவில்லை.

அதே நேரம் விடுதியில் ஒரு ஆபீசர் நின்றிருக்கிறார். ஜீப்பில் வந்தாராம். எந்த ஆபீஸ் என்பதும் இப்போது வேண்டாம். நடுஹாலில் போய் நின்று, "பிள்ளைக எங்க?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் போயிருக்காக என்று சொல்லியிருந்தால்கூட ஒருவேளை போயிருப்பார். சமையல்கார அக்காவுக்குப் பொய் வராது.

"கறிச்சோறு திங்கப் போயிருக்காக சார். இருங்க, உங்களுக்கும் வாளியில வரும்."

அவர் இருக்கவில்லை. சுருட்டி வைத்த பாய்களையும் கவிழ்த்து வைத்த தட்டுகளையும் போனில் படம் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கும் போய்க் கேட்டிருக்கிறார், அங்கேயும் நீங்கள் இல்லை. அந்தக் காலி ஹால் படம் அப்புறம் போன் போனாகச் சுற்றியது. பிள்ளைகளே இல்லாத விடுதிக்கு அரிசி எங்கே போகிறது என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் கம்பெனி வேனிலேயே ஒருத்தர் எனக்குக் காட்டினார். அது எங்கள் பிள்ளைகள் விடுதி என்று அவருக்குத் தெரியாது. நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்கழி பிறந்த பிறகு காகிதம் ஒட்டினார்கள்.

காகிதத்தைப் பார்த்துப் பாயைச் சுருட்டியது என் அண்ணன் மகள் ஒருத்திதான். அவளாகச் சுருட்டவில்லை. "மூடப்போற இடத்துல என்ன இருப்பு? நம்மளாப் போயிட்டா மரியாதையாவது மிஞ்சும்" என்று அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். வீட்டிலிருந்தே போய்ப் படிக்கட்டும் என்றார். பஸ் ரெண்டு மாற வேண்டும். முதல் வாரம் போனாள். அடுத்த வாரம் மூன்று நாள் போனாள். அதற்கு அடுத்த வாரம் நான் வேலை விட்டு வரும்போது அண்ணன் வீட்டு வாசலில் சாக்கு இருந்தது. அவள் குனிந்து பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஏங்க, ஒங்க ஒருத்தராலயா எல்லாம்? நேந்தது நானு" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் நேர்ந்தது கிடாயை. பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றியது நான்.

மனு கொடுப்பது என்று முடிவு பண்ணினோம். தகப்பன்மார் எங்கள் வீட்டு முன்னால் கூடினார்கள். என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை.

"அன்னைக்கு உள்ளூர் லீவுன்னு எழுதுலே" என்றார் அண்ணன். மகளைக் கூட்டி வந்துவிட்டாலும் அவருக்கும் ஆசை விட்டுப்போகவில்லை.

"அன்னைக்கு லீவு இல்லைண்ணே. பள்ளிக்கூடத்துலயும் பாத்துட்டாரு."

"அப்ப எல்லாத்துக்கும் காய்ச்சல்னு எழுது."

"முப்பத்தோரு பேத்துக்குமா?"

"பெரிய அரிச்சந்திரன் வந்துட்டான். நீ போட்ட கறிச்சோத்தைத் தின்ன வந்துதான்லே எம் மகளுக்கு இந்த நெலம."

 அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் உள்ளதைத்தான் எழுதினேன். நான் பட்டாசுத் தொழிலாளி, எங்களுக்குத் தீபாவளிக்குப் பிறகுதான் லீவு, நேர்ச்சைக் கிடாய் வெட்டினேன், பிள்ளைகளை நான் கூட்டிப் போனேன், வார்டன் பேரிலோ பிள்ளைகள் பேரிலோ குற்றம் இல்லை, தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், விடுதியை மூடாதீர்கள் என்று எழுதினேன். ரெண்டு பக்கம் வந்தது. மகள் மூன்று தடவை திருத்தினாள்.

திங்கக்கிழமை மனுநாள். லீவு கேட்டு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"ஏப்பா, ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. இப்பப் போயி எதுக்கு லீவு?"

சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. வெடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து வெறும் தரையில் உட்கார்ந்திருந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. நீயும் நானும் ஒண்ணாத்தானப்பா நிக்கோம். எல்லாப் பிள்ளையும் ஒரே எடத்துல இருந்தாத்தான பேதம் போகும்? தனி விடுதி வேணும்னு நீயே கேக்கலாமா?"

"சரிதான் மொதலாளி. உங்க பேத்தி எங்கன படிக்காக?"

"அது மலையில. அங்கனயே ஹாஸ்டல்."

"அங்க எங்க தெருப் பிள்ளைக யாரும் இருக்காகளா?"

கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். அப்புறம் சிரித்துவிட்டு, "வெவரமாத்தான் கேக்க. போ, போயி மனுவைக் குடு" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பதை உங்களுக்கு எழுதுகிறேன். ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் ஒன்றாக இருப்பதற்கு முதலில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். பொது விடுதியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது மிஞ்சின நாலைந்து இடம். மற்றவர்கள் அந்தச் சாக்கோடுதான் ஒன்றாக இருப்பார்கள். பேதம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள், அது நிஜமாகவே போன பிறகு விடுதியை மூடட்டும். மூடினால் பேதம் போய்விடும் என்கிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விடுதிக்குப் போனபோது மகளிடமும் இதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தக் கப்பு கதையை எம்புட்டு நாளைக்குப்பா சொல்லுவீக? எனக்கு அப்படி ஒரு கப்பைத் தொங்கவிட்டா, அதை எடுத்துத் தொட்டிக்குள்ளயே போட்டு மொண்டு குளிப்பேன். என்ன செஞ்சிருவாக?"

"நீ செய்வ தாயி. ஒன் மார்க்குக்கு இடமும் கெடைக்கும். மத்தவ?"

 அலமாரிக்கு மேலே, அவள் பெரியப்பா மகள் விட்டுப்போன பாய் சுருட்டியபடி இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு ஏழு பேர் கிளம்புவதாக இருந்தது, நாலு பேர் போனோம். சீசன் ஆர்டரை விட்டு வர முடியாது என்று மற்றவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். அங்கே இருந்த ஒரு அம்மா ரெண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "கிடாவெட்டையும் எழுதிருக்கீக" என்றார்.

"நடந்ததும்மா."

"சரி. மறுபடி எண்ணச் சொல்லி அனுப்புறேன். என்னைக்கு வருவாகன்னு சொல்ல முடியாது. பட்டியல்ல இருக்க அம்புட்டுப் பேரும் இருக்கணும். ஒரு ஆள் கொறைஞ்சாலும், பேருக்குத்தான் வச்சிருக்காகன்னு எழுதிருவாக. பாத்துக்கிடுங்க."

பட்டியலில் முப்பத்தொன்று. விடுதியில் முப்பது.

பஸ் விட்டு இறங்கியதும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் உள்ளே இருந்துகொண்டே, அவர் இல்லை என்று மதினியைச் சொல்லச் சொன்னார். மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் வெளியே வந்து, "மறுபடி எண்ண வந்தா வரட்டும். அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றார். என்றைக்கு வருவார்கள் என்று தெரிந்தால்தானே பார்ப்பதற்கு?

நீங்கள் அன்றிலிருந்து சனி ஞாயிறுகூட வீட்டுக்கு வரவில்லை. ஒருத்தியின் தம்பி தன் காதணி விழாவுக்கு அழுதழுது கூப்பிட்டும் அவள் போகவில்லை. யாரும் உங்களைக் கட்டிப்போடவில்லை, நீங்களாக இருந்தீர்கள். எனக்கு அது நெஞ்சை அறுத்தது.

எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். என் போன் அடித்தால் ஓடி வந்து சொல்லுங்கள் என்று அவரிடம் கும்பிட்டுச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு அவர் மூச்சு வாங்க ஓடி வந்து ரூமுக்கு வெளியே நின்றார்.

"ஏப்பா, ஒங்க வார்டன் பேசுது. இன்னைக்குப் பதினோரு மணிக்கு வாராகளாம்."

எனக்கு முன்னால் கலந்த மருந்து இருந்தது. கலந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடாது. அவசரப்படவும் கூடாது. பக்கத்து ரூமில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கையை மெதுவாக வைத்துக்கொண்டேன். போர்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் போகணும்."

"முடிச்சுக் குடுத்துட்டுப் போ. ஒன் பிள்ளைக்கு நீ முழுசா வேணும்லா."

முடித்துக் கொடுத்தேன். அந்தக் கால் மணி நேரம் போல என் வாழ்நாளில் எதுவும் நீண்டதில்லை. அப்புறம் போர்மேனே தன் பைக் சாவியைக் கொடுத்தார்.

அண்ணனும் மதினியும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் சாக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி தாயி. யூனிபாரம் போடு."

"அப்பா வையும் சித்தப்பா."

"என்னை வையட்டும்."

அவள் ஒன்றும் கேட்காமல் எழுந்தாள். துணி மாற்றிவிட்டு வந்து குழாயடியில் கையைத் தேய்த்தாள். சோப்பு போட்டாள், புளி போட்டாள், மண் அள்ளித் தேய்த்தாள். திரி மருந்து நகக்கண்ணில் ஏறினால் அவ்வளவு சீக்கிரம் போகாது. சாம்பல் நிறத்தில் நின்றது. போதும் வா என்று பைக்கில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஜீப் முன்னாலேயே வந்து நின்றது. நான் கம்பெனி உடுப்போடு கேட்டுக்கு வெளியே நின்றேன். நீங்கள் ஹாலில் வரிசையாக நின்றீர்கள், அவள் ஓடிப்போய்க் கடைசியில் சேர்ந்தாள். வேறொரு ஆபீசர். பேரைக் கூப்பிட்டு ஒவ்வொருத்தராக எண்ணினார். முப்பத்தொன்று என்று அவர் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். அப்புறம் திரும்பி அவளிடம் போனார்.

"கையை ஏம்மா பின்னால வச்சிருக்க? காட்டு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மனுவில் உள்ளதை எழுதிய மனுஷன்தான் நான். ஆனால் அந்த நிமிஷம், காட்டாதே தாயி என்றுதான் என் மனசு கத்தியது. ஏதாவது பொய் சொல்லு, கோலப்பொடி என்று சொல்லு.

அவள் கையை நீட்டினாள்.

"வீட்டுல இருந்தேன் சார். சரம் பின்னுனேன்."

"அப்ப நீ இங்க தங்கலையா?"

"மூடப்போறாகன்னு அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு. இங்கன இருந்த ரெண்டு வருஷமும் என் கை இப்படி இல்ல சார். இவுக எல்லார் கையையும் பாருங்க."

நீங்கள் முப்பது பேரும் கையை நீட்டினீர்கள். யார் முதலில் நீட்டியது என்று தெரியவில்லை. மைக்கறை இருந்தது, மருதாணி இருந்தது. ஆபீசர் எல்லாக் கையையும் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். முப்பத்தொன்று என்று எழுதினாரா, முப்பது என்று எழுதினாரா, எனக்குத் தெரியாது. கேட்டில் என்னைத் தாண்டித்தான் போனார். "சார்" என்றேன். "ரிப்போர்ட் போயிரும்" என்றார்.

அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு முன்னால் வந்து நின்று என்னை வைதார். தெருவே கேட்டது. ஆனால் விடுதிக்குப் போய் மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவில்லை. மறுநாள் மதினி அவளுடைய புத்தகங்களை ஒரு பையில் போட்டு என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

பதிலும் வரவில்லை. கேட்டில் அந்தக் காகிதம் வெயிலில் வெளுத்து அப்படியே இருக்கிறது. சூலக்கரைக்கு இன்னும் ரெண்டு தடவை போனேன். அந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். மேல் ஆபீசில் இருக்கிறது என்றார்கள். பரிட்சை முடிந்தால் வருஷம் முடிந்தது. காகிதத்தில் இருக்கிற நாள் அதுதான்.

போன வாரம் எங்கள் ஊர் அம்மன் பொங்கல். நானே வந்து உங்களிடம் சொன்னேன், யாரும் ஊருக்கு வர வேண்டாம் என்று. ஒருதடவை கூட்டிக்கொண்டு போனவன் சொல்கிறேன், வராதீர்கள் என்றேன். மறுபடியும் எண்ண வருவார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொன்னேன்.

ஊரில் இருந்து கறியும் சோறும் வாளிகளில் கொண்டு வந்தோம். மேடம் உள்ளே வாங்க என்றார், நான் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நீங்கள் ஹாலில் ரெண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். என் மகளும் அண்ணன் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு தலையாக எண்ணினேன். முப்பத்தொன்று. தப்பாக இருக்கக்கூடாதே என்று மறுபடியும் எண்ணினேன். முப்பத்தொன்று.

எண்ணிவிட்டேன் பிள்ளைகளா. யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.